எந்தப் பக்கமும் சேராத வீடு

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய நான் கணக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராததால்தான் எழுதுகிறேன்.

விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பால் சங்கத்தில் பால் அளந்து வாங்குவது என் வேலை. ஊர்க்காரர்களுக்கு நடை குறையட்டும், இனி இரண்டு இடத்தில் வாங்கலாம் என்று தலைவர் முடிவு செய்து, இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

என் மனைவிக்கு முழங்கால் வலி. ஊரின் கடைசியிலிருந்து பால் கேனோடு நடந்து வருகிறாள். எங்கள் தெரு முனையில் ஓர் இடம் வேண்டும் என்று நானே சொல்லியிருக்கலாம். ‘தனக்குப் பாத்துக்கிட்டான்’ என்பார்களோ என்று வாய் வரவில்லை. கணக்கே சொல்லிவிட்டால் யார் என்ன பேச முடியும்? கல்லூரியில் கணக்கு நடத்தும் என் மச்சினனைப் போனில் பிடித்தேன்.

“எல்லா வீடும் ஏதாச்சும் ஒரு எடத்துல சேந்தே ஆகணும்னு நின்னா கணக்கு நகராது மச்சான். அந்தக் கட்டாயத்த மொதல்ல தளர்த்திருங்க. ஒரு வீடு விட்டுப்போனா, விட்டதுக்கு நம்ம கணக்குல ஒரு அபராதம் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்க. அப்பவும் விட்டுப்போனா அபராதத்த ஏத்துங்க. ஏத்த ஏத்த தானா உள்ள வந்துரும்.”

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஊரை வரைந்து, வீட்டுக்கு ஒரு பட்டாணி வைத்தேன். முதல் தடவை சில வீடுகள் இரண்டு இடத்திலும் சேர்ந்தன, சில எதிலும் சேரவில்லை. அபராதத்தை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரே ஒரு பட்டாணி வெளியே நின்றது. அது எங்கள் வீடு. அதற்கு மட்டும் அபராதத்தை ஏற்றக் கை கூசியது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கணக்கு முடிந்தது.

சாயங்காலம் கூட்டத்தில் கோயில் வாசல், ரேஷன் கடை என்று முணுமுணுத்தேன்.

“எல்லா வீடும் வந்துருச்சாப்பா?” என்றார் தலைவர். தலையாட்டினேன்.

பின்னாலிருந்து என் மனைவியின் குரல். “ஏங்க, நம்ம வீடு எங்கிட்டுச் சேருது?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“ஒங்களத்தாங்க. கோயிலா, ரேஷன் கடையா?”

“கணக்குப்படி... ரெண்டுலயும் வரல.”

“அப்ப கறந்த பால ஒங்க கணக்கு மேலயா ஊத்துறது? இந்தக் காலோட அம்புட்டுத் தூரம் நீங்க தூக்கிட்டுப் போறீங்களா?”

அவள் பேசப் பேச அபராதம் ஏறிக்கொண்டே போனது. கூட்டம் சிரித்து ஓய நேரமானது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் எடம் பாத்துட்டு சொந்த வீட்ட விட்டுட்டான்யா! ரேஷன் கடை வேணாம், அந்தத் தெரு முனையிலயே வையிங்க. மத்தவங்களுக்கு நாலு எட்டு கூடுனா என்ன?”

மச்சினன் சொன்ன முறை சரிதான். ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை எங்கள் தெரு முனையில் பால் வாங்கினேன். என் மனைவி முதலில் வந்தாள். அவள் பாலிலும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.