எங்கூட்டுக்காரர் தலைக்குப் பாயிண்டு பாத்தாங்க

அந்த டெய்லர்காரி சொன்னாளாக்கும், மண்டையைத் தேங்கா மாதிரி ரெண்டா ஒடைச்சுக் கழுவி வெச்சாங்கன்னு? ஊரு ரவிக்கையெல்லாம் தெக்கறா, அவ வாயத்தான் தெக்க மாட்டேங்கறா. கூடவே இருந்தவ நான் சொல்றேன் கேளு அம்முணி. பென்சில் போற அளவுக்கு ஒரு ஓட்டை, ஒரே ஒரு தையல். பாக்க வந்த சனமெல்லாம் தலைய அப்படி இப்படித் திருப்பிப் பாத்துட்டு, "இவ்வளவுதானா?"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாங்க. ஒருத்தி, இதுக்கெல்லாம் ஆரஞ்சு குடுக்கோணுமான்னு யோசிச்சுட்டு, கொண்டாந்த பையத் திரும்பத் தூக்கிட்டே போயிட்டா.

நீ கட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாள்தான ஆச்சு, உனக்கு முன்கதை தெரியாது. எங்கூட்டுக்காரர் தண்ணி பாக்கறவர், பூமிக்குள்ள எங்க தண்ணி இருக்குதுன்னு பாயிண்டு சொல்றவர். போர் போடறவங்க முதல்ல இவரத்தான் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுக்கிட்டு நடப்பார். நடந்துட்டே இருக்கறவர் ஒரு எடத்துல நின்னுருவார். கண்ணு ஒரே பக்கமாக் குத்திட்டு நிக்கும். வாய் வெறும் வாயச் சப்புச் சப்புன்னு மெல்லும். ஒரு கை தோள்துண்டப் பிச்சுப் பிச்சு இழுக்கும். தேங்கா கீழ உழுந்துரும். உழுந்த எடத்துல வட்டம் போட்டு, ஓட்டை போடற ரிக்கு வண்டிய நிறுத்துவாங்க. பாதி எடத்துல தண்ணி பீச்சும், மீதி எடத்துல வெறும் மண்ணுப் புகைதான். புகைஞ்சா, "காட்டுக்காரனுக்கு நேரஞ் செரியில்லை"ம்பாங்க. இவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

ஊருக்கு அது அருளு, எனக்கு அது திமிரு. ஊட்டுல நான், "ஏனுங்க, சோறு ஆறுது வாங்க"ன்னு கூப்புட்டாலும் அதே மாதிரி நிப்பாரு. காது கேக்காத மாதிரி நடிக்கறார்னு எத்தன தடவ கரண்டியத் தூக்கியிருப்பேன்!

அப்புறம் ஒரு நாள் நின்னவர் அப்படியே சாஞ்சு, கையும் காலும் வெட்டி இழுத்துருச்சு. நான் ஓடிப்போயி சாவிக்கொத்தக் கையில திணிச்சேன். அதுல ஒரு பிரயோசனமும் இல்லைன்னு பின்னாடிதான் டாக்டர் சொன்னாரு. எம்பையன் ரிக்கு வண்டியில வேலை பாக்கறவன், லீவு சொல்லிட்டு வந்து கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனான். டாக்டர், "இது வலிப்பு நோவுங்கம்மா. அந்தச் சும்மா நின்னு போறதும் வலிப்புதான்"னார். மாத்தி மாத்தி மாத்திரை குடுத்தும் நிக்கல. அன்னையிலிருந்து அவர் போற எடமெல்லாம் வாலாட்டம் நானும். கெணத்தோரம் விடமாட்டேன், அடுப்படிக்கு விடமாட்டேன், குளிக்கப் போனாத் தாப்பாப் போட விடமாட்டேன்.

கடைசியில டாக்டர், "வலிப்பு கெளம்பற எடத்த மட்டும் சூடு குடுத்து எரிச்சுரலாம்"னாரு. அவ்வளவுதான், இவர் துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிச்சுட்டார்.

"அத எரிச்சுப்போட்டா எனக்குத் தண்ணி எப்படித் தெரியும்? எவன் கூப்புடுவான் என்னைய? தேங்காயக் கொண்டாந்து உனக்குச் சட்னிக்குத்தான் குடுக்கோணும்."

"குடுங்க, அரைக்கறேன்"னேன் நான்.

பையன் கெஞ்சினான். டாக்டர் பாவம், பொறுமையாச் சொன்னாரு: சின்ன ஓட்டை, அதுல நூலாட்டம் ஒரு கம்பி, கம்பி நுனியில ஒரு வெளிச்சம், அந்தச் சூட்டுல திராட்சைப்பழத்தண்டி எடம் மட்டும் வெந்துரும். எல்லாத்தையும் ஸ்கேன் மிசினுக்குள்ள படுக்க வெச்சுப் பாத்துக்கிட்டே செய்வாங்களாம். இவர் கொஞ்ச நேரம் தாடியச் சொறிஞ்சார்.

"ஏனுங்க சார், அது கெடக்கட்டும். அந்த எடந்தான்னு பாயிண்டு பாத்தது யாரு?"

டாக்டருக்குப் புரியல. பையன் வெளக்கினான். அவர் சிரிச்சுட்டு, "இன்னும் பாக்கலீங்கய்யா. உள்ள மெல்லிசா ஒயரு வெச்சு, வலிப்பு வர்ற வரைக்கும் காத்திருந்துதான் பாயிண்டு பாப்போம். தப்பான எடத்துல போட மாட்டோம். அப்படியும் முழுசா நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது"ன்னார்.

"நாங்களும் சத்தியம் பண்ணறதில்லீங்க"ன்னுட்டு இவர் திரும்ப உக்காந்துட்டார். தொழில்காரன் தொழில்காரன நம்புனான், நான் பேசுனது ஒண்ணும் ஏறல பாரு!

ஒயர வெச்சுத் தலையில கட்டுப் போட்டாங்க, கல்யாண மாப்பிள்ளைத் தலைப்பா மாதிரி. மாத்திரையக் கொறைச்சுட்டு எல்லாரும் வலிப்புக்குக் காத்திருக்கோம், அது வரவே இல்ல! ஊட்டுல கூப்புடாம வந்தது, வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டா வர மாட்டேங்குது. இத்தன வருசம் வரக்கூடாதுன்னு கும்பிட்ட சாமிகிட்டயே, இன்னைக்கு மட்டும் வரட்டும்னு கும்பிட்டேன். சாமிக்கே கொழம்பியிருக்கும். வந்துச்சு. பாயிண்டு கெடைச்சுது. அப்புறமா மயக்கம் குடுத்து எரிச்சாங்க. ரெண்டாம் நாளே எந்திரிச்சு உக்காந்து, இட்லி கல்லாட்டம் இருக்குதுன்னு சண்டை போட்டார். அப்பவே எனக்கு உசுரு வந்துருச்சு.

அதுக்கப்புறம் வரவே இல்ல அம்முணி. மாத்திரை மட்டும் இன்னும் போடறார். கூப்புட்டாத் திரும்பறார். செல சமயம் திரும்பறதில்ல, அது வலிப்பில்ல, அவர் கொணம். அதுக்கு ஆப்பரேசன் இல்லையாம், கேட்டுட்டேன்.

பரமத்தி வேலூர்ப் பக்கமிருந்து வாழக்காட்டுக்காரர் ஒருத்தர் தண்ணி பாக்கக் கூப்புட்டாரு. இவருக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. காலையில காப்பி குடிக்கறப்ப மெல்லக் கேக்கறார்:

"ஏம்புள்ள, எனக்கு அது வாரப்ப நான் எப்படி இருப்பேன்? செஞ்சு காட்டு."

யோசிச்சுப் பாரு, ஊரே பாத்துருக்குது, இவர் ஒருத்தர்தான் பாத்ததில்ல! நான் கண்ண நிறுத்தி, வாய மென்னு, முந்தானையப் பிச்சுப் பிச்சு இழுத்துக் காட்டுனேன். வாயத் தொறந்தபடி பாத்தார்.

"இப்படியா நின்னேன்?"

"இன்னும் கேவலமா."

கண்ணாடி முன்னால நின்னு பழகிப் பாத்தார். ஆடு தழ மேயற மாதிரி இருந்துச்சு. அப்பவே சொன்னேன், வேண்டாமுங்கன்னு. கேக்கணுமே! வாழக்காட்டுல ஊர்சனம் பின்னால வர, தேங்காயோட நடந்தார். ஒரு எடத்துல நின்னார். கண்ண நிறுத்தினார். வாய மெல்ல ஆரம்பிச்சவர் என்னையப் பாத்துட்டார். நான் முந்தானைய வாயில அமுக்கிட்டு நிக்கறேன். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார், தேங்கா உழுந்துருச்சு. அங்கயே வட்டம் போட்டுட்டாங்க!

"ஏனுங்க, எனக்கு ஆப்பரேசன் ஆயிருச்சு, ஒண்ணுந் தெரியல, நம்பாதீங்க"ன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினார். காட்டுக்காரரு, "பெரியவர் சிரிச்சதே இல்லீங்க, கீழ ஆறே ஓடுமாட்ட இருக்குது"ன்னு ரிக்குக்குப் போன் போட்டார். எங்கூட்டுக்காரர் கல்லாட்டம் குந்திட்டார். தண்ணி வந்துச்சு அம்முணி! மாலையக் கொண்டாந்து கழுத்துல போட்டாங்க.

இப்ப கூப்புடறவங்ககிட்டயெல்லாம் முதல்ல, "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் சட்டைய மாட்டறார். "தெரியாட்டிப் பரவால்ல, நீங்க வந்து நடந்தாப் போதும்"ங்கறாங்க. இன்னைக்கும் ஓமலூருக்குப் போயிருக்கார். தனியா, பஸ்ஸுல! நானும் செருப்ப மாட்டுனேன். "நீ எதுக்கு? நீ வந்தாச் சிரிப்பு வந்துரும்"னுட்டு ஏறிட்டார். பஸ்ஸு போன பக்கமே பாத்துட்டு நின்னேன், ஒரு மாதிரி கையெல்லாம் சும்மா இருந்துச்சு. அதான் உங்கூட்டு வாசல்ல வந்து உக்காந்து...

அட, மூணு பேஸ் கரண்டு வந்துருச்சாட்ட இருக்குது, பக்கத்துக் காட்டு மோட்டார் ஓடுது பாரு. அவர் இல்ல, மஞ்சக்காட்டுக்கு நாந்தான் மடை திருப்பணும். தள்ளு அம்முணி, தள்ளு, எஞ்செருப்பு எங்க?