மேலக்காவின் அரை யூனிட்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் அவள் ‘மேலக்கா’. டவர் கிரேனின் உச்சியில் இருக்கும் சின்னக் கூண்டுதான் அவள் அலுவலகம். டன் கணக்கான இரும்பைத் தூக்கிப் பூப்போல இறக்குவதில் கெட்டிக்காரி. தன் சர்க்கரை விஷயத்தில் மட்டும் சரியான அசடு. கழிப்பறை கீழே இருக்கிறது, அடிக்கடி இறங்க முடியாது என்று அரை வயிறு சாப்பிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஏணி ஏறுவாள். இன்சுலின் மட்டும் முழு வயிற்றுக்குப் போட்டுக்கொள்வாள். கூண்டுக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி இது.

ஒரு நாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது அவள் கை நடுங்கியது, கண் இருட்டியது. சட்டைப் பையிலிருந்த சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டு, எப்படியோ கம்பிக்கட்டைத் தரையில் சேர்த்தாள்.

சூப்பர்வைசர் அவளைக் கீழே இறக்கிவிட்டார். “டாக்டர் சரின்னு சொல்லட்டும்மா. அதுவரைக்கும் ஸ்டோர்ல இரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேல ஏறவே முடியாது.”

ஸ்டோரில் ஆணிப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் தலைக்கு மேல் வேறு யாரோ கிரேன் ஓட்டும் சத்தம் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

கிளினிக்கில் அவள் கதையைக் கேட்ட நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “முதல்ல ஒழுங்கா சாப்பிடுங்கக்கா. தண்ணி குடிங்க. அப்புறம்தான் ஊசிக் கணக்கு.”

சாப்பிட்டாள், குடித்தாள். ஏணிக்குப் பதிலாகத் தினமும் காலையில் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள். புருஷன் கையில் ஜூஸ் டப்பாவோடு குட்டி போட்ட பூனை மாதிரி பின்னாலேயே வந்தான். நான்கு யூனிட் இன்சுலின் போட்டால் படியேறி முடிப்பதற்குள் சர்க்கரை இறங்கியது. டாக்டர் மூன்றாகக் குறைத்தார், எகிறியது. நாலுக்கும் மூணுக்கும் நடுவில் அவள் பிழைப்பு மாட்டிக்கொண்டு முழித்தது.

கடைசியில் டாக்டர் வேறொரு இன்சுலின் ஊசிப் பேனாவை எழுதிக்கொடுத்தார். நர்ஸ் அதைக் கொடுத்தபோது சிரித்தாள். “இது பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்குத் தர்றது. அரை அரை யூனிட்டா வைக்கலாம். வெக்கமா இருக்கா?”

“எதுக்கு வெக்கம்? மேல லோடை விரல்கடை அளவுல நகர்த்துறவ நான். என் உடம்பைத்தான் இத்தனை நாளா முரட்டுத்தனமா இழுத்துட்டிருந்தேன்.”

கிளிப்பச்சைப் பேனாவைப் பார்த்த புருஷன், “ஸ்கூல் பை எங்க?” என்றான். முறைத்துக்கொண்டே மூன்றரை வைத்துக் குத்திக்கொண்டாள். அன்று மொட்டை மாடியில் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இறங்கவும் இல்லை, எகிறவும் இல்லை. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. புருஷன் ஜூஸைத் தானே குடித்துத் தீர்த்தான்.

டாக்டர் சரி என்றார். சூப்பர்வைசரிடம் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். “நடுவுல ஒரு தடவை கீழ வருவேன் சார். சாப்பிடுவேன், பாத்ரூம் போவேன். சம்மதம்னா ஏறுறேன்.” அவர் தலையாட்டினார்.

அன்றைக்கே கூரைத் தண்ணீர்த் தொட்டியை ஏற்ற வேண்டியிருந்தது. கூண்டில் விரலைக் குத்திப் பார்த்தாள், நன்றாக இருந்தது. தொட்டி காற்றில் லேசாக ஆடியது, அவள் கை ஆடவில்லை. மேடைமேல் இறங்கும் நேரத்தில், பக்கத்தில் நின்று வழிகாட்டும் சிக்னல்காரர் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது.

“அக்கா, இன்னும் அரை இஞ்ச்தான். முடியுமா?”

“அரைதானே தம்பி,” என்றாள் மேலக்கா. “அதை என்கிட்ட விடு.”

தொட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.