சார்லஸ் மன்னர் மாரிமுத்து

அந்துருண்டை வாசம் எங்கேயாவது மூக்கில் ஏறினால் இன்றும் என் காது மடல்கள் சூடாகிவிடுகின்றன. அம்மாவின் கல்யாணக் கூறைச்சேலை, அரக்கு நிறத்தில் அகலமான சரிகையோடு, பெட்டியின் அடியில் அந்துருண்டைகளுக்கு நடுவே கிடந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்காக அது வெளியே வந்தது. மலையாளம் காதில் விழுந்து வளர்ந்த நாங்கள் ஆண்டுவிழாவை "வார்சிகம்" என்போம். மாநில எல்லையில் வேலந்தாவளத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திய சகுந்தலா டீச்சர், வழக்கமான புராண நாடகம் வேண்டாம், பாடத்தில் இருக்கும் இங்கிலாந்துக் கதையையே போடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

முதலாம் சார்லஸ் மன்னரின் கதை அது. தன் அதிகாரம் கடவுள் கொடுத்தது, அதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று நம்பியவர் அவர். எங்கள் சம்மதமில்லாமல் வரி போடக்கூடாது என்றது நாடாளுமன்றம். அதைக் கலைத்துவிட்டுப் பல வருடங்கள் தனியாகவே ஆண்டு, வேறு வழியில்லாமல் மறுபடி கூட்டி, கூட்டிய சபையோடும் ஒத்துப்போகாமல், தன்னை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஒருநாள் சிப்பாய்களோடு சபைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். அவர்கள் எங்கே என்று கேட்ட அரசன் முன்னால் சபாநாயகர் மண்டியிட்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தச் சபை சொல்வதைத் தவிர வேறெதையும் பார்க்க எனக்குக் கண்ணில்லை, பேச நாக்கில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டார். பின்னால் போர் வந்து, மன்னரின் தலையும் போனது. ஹெட்மாஸ்டர் மேடையில் தலை வெட்டச் சம்மதிக்காததால், டீச்சர் நாடகத்தைச் சபைக் காட்சியோடு நிறுத்திக்கொண்டார்.

மன்னர் வேஷத்துக்கு டீச்சர் தேர்ந்தெடுத்தது மாரிமுத்துவை. அவன் குரல் கணீரென்று கடைசி பெஞ்சையும் தாண்டிப் போகும். எங்கள் தோட்டத்தில் மாடுகளைப் பார்த்துக்கொண்ட பொன்னனின் மகன் அவன். அந்தப் பக்கத்தில் நிலக்காரரை வேலைக்காரர்கள் "பண்ணாடி" என்றுதான் அழைப்பார்கள். என் வயதே ஆன மாரிமுத்துவுக்கு நான் "சின்னப் பண்ணாடி". ஒத்திகையின் முதல் நாள், சபாநாயகராக நின்ற என்னைப் பார்த்து அவன் வசனத்துக்கு முன்னால் "சின்னப் பண்ணாடி" என்று வாய்தவறிச் சொல்ல, டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "மாரிமுத்து, ராசா யாரையும் பண்ணாடின்னு கூப்பிட மாட்டாருங்க." ஒரு மாணவனிடம் டீச்சர் "ங்க" போட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு வாரத்தில் அவன் முதுகு நிமிர்ந்துவிட்டது.

மன்னருக்குப் போர்த்த ஏதாவது வேண்டுமென்று வீட்டில் கேட்டபோது, அம்மா யார் மன்னர் என்று விசாரித்தாள். சொன்னேன். பெட்டியைத் திறந்து அடியிலிருந்த கூறைச்சேலையை எடுத்து, "ராசாவுக்குப் பழைய துணியவா போத்தறது, இதைக் கொண்டு போ. அப்பாகிட்ட ஒண்ணுஞ் சொல்லோண்டாம்" என்றாள்.

பெற்றோர் சங்கத் தலைவரான அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்றவர்களோடு பொன்னனும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். தலையில் ஜிகினாத்தாள் கிரீடமும் தோளில் கூறைச்சேலையுமாக மாரிமுத்து கம்பீரமாக நடந்து வந்தபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான்; நான் மண்டியிட்டேன். வாய் திறப்பதற்குள் மேடைப் பலகை அதிர்ந்தது. அப்பா ஏறி வந்திருந்தார்.

"எவன் முன்னால முட்டி போட்டுட்டு இருக்கற? எந்திரிடா!"

"ஏனுங்க, இது நாடகமுங்க, கீழ எறங்குங்க" என்று டீச்சர் திரை ஓரத்திலிருந்து சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் மண்டியிட்டபடியே இருந்தேன். பயத்தில் என் வாய்க்கு என்ன தெரியுமோ அது மட்டும் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து, மனப்பாடம் செய்திருந்த வசனத்தை ஒப்பித்தேன்: "இந்தச் சபை சொல்வதைத் தவிர வேறெதையும் பார்க்க எனக்குக் கண்ணில்லை, பேச நாக்கில்லை, அரசே!"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். பிறகு கூட்டமே தட்டியது. அப்பா என் தோளை விட்டுவிட்டார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் பொன்னன் மேடைக்கு ஓடி வந்தான். மகன் தலையிலிருந்த கிரீடத்தை எடுத்துக் கீழே வைத்தான், சேலையை உருவி மடித்தான், இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டிக் குனிந்து நின்றான். "பையன் தெரியாமப் பண்ணீட்டானுங்க பண்ணாடி, மன்னிச்சுப்போடுங்க." அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. மாரிமுத்து, அவனும் என்னைப் போலப் பதினான்கு வயதுப் பையன்தான், தன் அப்பனின் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்து சேலையை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அதையே உடுத்திக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் கோயிலுக்கும் போய்வந்தாள்.

அப்பா கொடுமைக்காரர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியாது. மாரிமுத்துவைப் பாம்பு கடித்தபோது அவனைத் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவர்தான். ஆனால் அந்த வார்சிகத்துக்குப் பிறகு பொன்னனை அவர் தோட்டத்துக்குள் விடவில்லை. அப்பாவுக்குப் பயந்து வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால், சொந்தக்காரர் யாரோ இருக்கிறார்கள் என்று, அந்தக் குடும்பம் மலைமேல் இருந்த சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. ஊரில் எனக்குக் கிடைத்ததோ பேர். "அப்பனையே எதுத்துப் பேசிப்போட்டானுங்க பையன்" என்று டீக்கடையில் சொல்வார்கள். பயந்து உளறியது எனக்கல்லவா தெரியும்! அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். பொன்னன் குடும்பம் குடியிருந்த சாளைக் குடிசையைக் கடக்காமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

இப்போது அப்பா இல்லை. மேடை இருந்த இடத்தில் புதிய கட்டடம் வந்துவிட்டது. "பண்ணாடி" என்ற அழைப்பும் எங்கள் தெருவில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. போன கோடையில் குடும்பத்தோடு சின்னக்கானல் போனபோது, ஜீப் நிறுத்தத்தில் அந்தக் கணீர் குரலைக் கேட்டுத் திரும்பினேன். நரைத்த மீசையோடு மாரிமுத்து. ஜீப் ஓட்டுகிறான். அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். பொன்னன் இறந்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.

"எங்கப்பா செஞ்சது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அதை உடுங்க. உங்கப்பா ஏறி வந்ததை நான் எப்பவோ மறந்துட்டேன். எங்கப்பா குனிஞ்சதுதான் போக மாட்டேங்குது. சாகற வரைக்கும் அதைப் பத்தி அவர்கிட்ட நான் பேசவே இல்லைங்க."

அதற்குள் கல்லூரியில் படிக்கும் அவன் மகன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். நான் அவன் அப்பாவோடு படித்தவன் என்று தெரிந்ததும், அந்த மலைப்பக்கத்துத் தமிழில் ஆசையாகக் கேட்டான்: "அப்பா ராஜா வேஷம் போட்டாகளாமே சார், நெசமா? நாடகம் எப்படி இருந்துச்சு?"

மாரிமுத்து டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரமாதமா இருந்துச்சுப்பா. கடைசி வரைக்கும் நடந்துச்சு. உங்க தாத்தா பின்னால நின்னு கை தட்டினாரு" என்றேன்.