இரண்டு ஒயர்

அவரை எங்கள் அலுவலகத்தில் மைக்காரர் என்றே அழைத்தார்கள். பெயரை நானும் கேட்டதில்லை. தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் கூட்ட அறையில் மைக்கைப் போட்டாலே ஓர் இரைச்சல் கிளம்பி, பேசுகிறவரை விழுங்கிவிடும். அதைப் போக்க அவரே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். என் கோப்பின் நாடா உட்பட, கையில் கிடைக்கும் எதையும் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டே பேசுவார்.

"ரெண்டு ஒயர்லயும் இரைச்சல் ஒரே மாதிரி வரும் சார். குரல் மட்டும் எதிரெதிரா வரும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிச்சா இரைச்சல் போயிடும், குரல் நிக்கும்."

சோதனையன்று எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு ஒயரை எர்த்தில் கட்டினார். அங்கீகரிக்கப்பட்ட ஒயரிங் வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. இரைச்சல் பழையபடியே வந்தது.

"ஒண்ணை எர்த் பண்ணிட்டா எதை சார் கழிக்கிறது? அவுத்துட்டு ஒரு தடவை கேளுங்க."

"வரைபடத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றேன்.

"காது இருக்குல்ல சார்?"

சோதனை அறிக்கையில் 'முன்னேற்றம் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, முறுக்கியிருந்த நாடாவைப் பிரித்துக் கோப்பை முறைப்படி கட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து அதே அறையில் எனக்குப் பிரிவுபசார விழா. மேலதிகாரி அரை மணி நேரம் பேசினார். வீடு திரும்பும்போது மனைவி கேட்டாள்.

"உங்களைப் பத்தி என்னதான் சொன்னார்? பின்னாடி வரிசையில இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கலை."

"விதிமுறையை மீறாத அதிகாரின்னு சொன்னார்" என்றேன்.