ஆக்சிஜன் வெரி குட்

ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. இதில் மெஷினால் தொல்லையே இல்லை, மனிதர்கள்தான் உயிரை வாங்குவார்கள். ஆஸ்பத்திரி லேபில் வெள்ளைக் கோட்டு மாட்டியவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில், சிங்கப்பூரில், ஒரே நோயாளியை வைத்து மூன்று நாள் நான் பட்ட பாடு இது. அவர் பெயர் ரத்தினம், பிடோக்கில் வீடு, பஸ் மெக்கானிக். காலில் பட்ட காயம் சீழ்பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்து கிடந்தார்.

சட்டைப்பை

ரத்தம் எடுத்த சிரிஞ்சை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். சூட்டில் கிடந்தால் ரத்தமே தன் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வார்டு அட்டெண்டன்ட் மரியதாஸ் அண்ணன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வழியில் கோப்பியும் குடித்துவிட்டு வந்தார். பாவம், ரத்தினத்துக்கு மறுபடி ஊசி. ஐஸ் எங்கே என்று கத்தினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மனுஷ ரத்தம்மா இது! மீனா என்ன, ஐஸ்ல போட்டுக் கொண்டுவர்றதுக்கு?"

வெள்ளை ரத்தம்

எங்கள் டாக்டர் ஒருவர் அப்போது செயற்கை ரத்தத்தை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஆக்சிஜனைச் சுமக்கும். மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி இல்லை. இந்தச் சேதி எப்படியோ ரத்தினத்தின் மைத்துனர் காதுக்கு எட்டிவிட்டது. ரத்தம் கொடுக்கப் பட்டறை ஆட்களைத் திரட்டி வந்திருந்தவர், அவர்களோடு லேப் வாசலை மறித்துக்கொண்டார். ரத்தம் போதுமான அளவு இருக்கிறது, குறை அதில் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஃபிரிட்ஜைத்தான் பார்த்தார்.

"எலிக்குக் கொடுப்பீங்க, எங்க அத்தானுக்குக் கொடுக்க மாட்டீங்களா? எந்த இடத்துல கையெழுத்து வேணும்னு சொல்லுங்க, போடுறேன் லா!"

நல்ல நம்பர்

மூன்றாம் நாள், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தை அளந்தேன். ஆக்சிஜன் ஏராளம். அதுதான் கெட்ட சேதி. போன ஆக்சிஜன் செலவாகாமல் திரும்புகிறது என்றால், உடம்பு அதை எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் தாளில் எண்ணை மட்டும் எழுதுவதுதான் எங்கள் வழக்கம், விளக்கம் டாக்டர் வேலை. எழுதி அனுப்பினேன். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நேரே ரத்தினத்தின் மனைவி பவானியிடம் போய், "ஆக்சிஜன் வெரி குட், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாளாக வார்டு வாசலைவிட்டு நகராத அந்த அம்மா, அதை நம்பி, குளித்து உடைமாற்ற பிடோக்குக்கு பஸ் ஏறினார். அவர் திரும்புவதற்குள் ரத்தினம் போய்விட்டார். எனக்கு அந்த டாக்டர்மேல் ஆத்திரம் பொங்கியது, என்மேலும்தான். நம்பர் நன்றாக இருந்ததே என்று கேட்டுக்கொண்டு பவானி என்னிடமே வந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். அழாமல் கேட்டுக்கொண்டார்.

"இதைத் தாள்ல ஒரு வரி எழுதியிருந்தா, நான் குளிக்கப் போயிருக்க மாட்டேனேம்மா."

அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். விளக்கம் எழுதுவது என் வேலை இல்லை என்று மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் மட்டும் விளக்கம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது.