வேப்பிலைக்கு வெளியே நின்ற டாக்டர்

சித்திரை வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. திருவொற்றியூர்க் குப்பத்துக் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். மணல் காலைச் சுட்டது. முதுகில் மட்டும் யாரோ ஈரத்துணியைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. கடல் வழக்கத்தைவிடத் தள்ளிப் போயிருந்தது போலவும், அதன் சத்தம் மட்டும் என் காதுக்குள்ளே தங்கிவிட்டது போலவும் தோன்றியது.

"இன்னாடி ருக்கு, இந்த வெயில்ல குந்திக்கினு நடுங்கறே?" என்றாள் அஞ்சலையக்கா. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு அடுப்பு வைத்துக் குடித்தனம் செய்தோம்.

"ஒண்ணுமில்லக்கா. தல கனமா கீது."

அவ்வளவுதான் ஆரம்பம். இந்தக் காய்ச்சல் திடுதிப்பென்று வருவதில்லை. மூட்டையோடு வரும் உறவுக்காரர் போல மெல்ல வந்து உட்காரும். இன்றைக்குப் போய்விடும், நாளைக்குப் போய்விடும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

இதே காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கும், பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது. படுத்துக் கிடக்கத் தெரியும். அந்தப் படிப்பில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. என் அப்பா ராயபுரத்தில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். அதனால் எட்டாவது வரை படித்தேன். கன்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுக் குப்பத்துக்கு வந்தபின், அந்தப் படிப்பு கருவாடு சுற்றும் காகிதத்தை வாசிக்க உதவியது.

அந்த நாளில் எங்கள் பக்கம் டாக்டர் என்றால் குதிரைக் கொம்பு. சண்டைக் காலத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது, காலடிப்பேட்டையில் இருந்த ஒரே டாக்டரும் பெட்டியைக் கட்டினார். சண்டை ஓய்ந்து ஜனங்கள் திரும்பினார்கள். சுதந்திரமும் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி பட்டணத்தில் இருந்தது. காய்ச்சல்காரியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நின்று முறை வருவதற்குள் காய்ச்சல் போய்விடும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவாள்.

எங்களுக்கு இருந்தவர் டாக்டர் சுகிர்தம் மட்டும்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. அவருடைய அண்ணன் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். வாரம் முழுக்கப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மட்டும் அந்தக் கடையின் பக்கத்து அறையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார். வந்தவர்களெல்லாம் தும்முவார்கள். எது நோய், எது மிளகாய் என்று அவருக்குத்தான் தெரியும். எண்ணூர்வரைக்கும் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

காய்ச்சல் ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறியது. சாயங்காலமானால் கூரைக் கீற்றுகள் அசையும். அவற்றின் ஊடே கட்டுமரங்கள் போகும். ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்த யாராவது உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஆலைச் சங்கு ஒரே பகலில் பலமுறை ஊதியது. துறைமுகத்தில் கப்பல் கூவினால், அது என் வயிற்றுக்குள்ளிருந்து புறப்படுவது போல இருக்கும். பயமாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சுகமாகவே இருந்தது. எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். வேலை எதுவும் என்னுடையதாக இல்லை. இந்தச் சுகத்தை நம்பாதீர்கள். ஆளைக் கொண்டுபோவது அதுதான்.

வியாழக்கிழமை வந்ததும் கன்னியப்பன் காலடிப்பேட்டைக்குப் போனார். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்கே வருகிறேன் என்று டாக்டரம்மா சொன்னாராம். கன்னியப்பன் அங்கே காத்திருந்த நேரத்தில், இங்கே அஞ்சலையக்கா எனக்கு உடம்பு துடைத்தாள். வயிற்றில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்து கீறா" என்றாள்.

எனக்கு ஒன்பது வயதிலேயே பெரியம்மை போட்டு, முகத்தில் தழும்பு இருக்கிறது. ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வராது என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். "அது பெரியவ. இது அவ தங்கச்சி" என்றாள்.

குப்பத்தில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் வாசலில் வேப்பிலை செருகுவது அஞ்சலையக்காவின் கைதான். செருகிவிட்டால், மூன்றாம் தண்ணீர் ஊற்றி அம்மனை வழியனுப்பும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. மருந்து கூடாது. தாளித்துக் கொட்டக் கூடாது. படுத்திருப்பவளே அம்மன். நேற்றுவரை என்னைச் 'சோம்பேறி மூதேவி' என்று செல்லமாகத் திட்டியவள், அன்று மதியம் "தாயே, கொஞ்சம் தண்ணி குடி தாயே" என்றாள். சிரிக்கத் தெம்பு இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

குளிர்ச்சிக்காகக் கேழ்வரகுக் கூழும் பழைய சோறும் தலைமாட்டில் வைத்தாள். எனக்கு ஊட்ட அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"அண்ணி, டாக்டரம்மா வந்துகிறாங்கோ" என்றார் கன்னியப்பன். பிறகு வேப்பிலையைப் பார்த்திருக்க வேண்டும். அவர் குரல் அதற்குமேல் வரவில்லை.

அஞ்சலையக்கா எழுந்து வாசலை மறித்தாள். "வராதீங்கோம்மா. ஆத்தா வந்து கீறா. செருப்புக் காலோட, பத்து பேரத் தொட்ட கையோட வந்தா குப்பத்துக்கே ஆவாது."

"அம்மையா இல்லையான்னு நான் பாக்கணும்லா? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருதேன்."

"கோச்சிக்காதீங்கோம்மா. முடியாது."

தெருவே கூடிவிட்டது. கோலி விளையாடியவர்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். படுத்த இடத்திலிருந்து எனக்கு வெள்ளைப் புடவையின் ஓரமும், மணல் ஒட்டிய இரண்டு செருப்புகளும் மட்டும் தெரிந்தன. கடலில் எந்த அலைக்கும் அஞ்சாத கன்னியப்பன் நாலு வேப்பங்கொத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் நின்றிருப்பேன்.

"சரி, அடுத்த வியாழக்கிழமை வாரேன்" என்றார் டாக்டரம்மா.

செருப்புகள் திரும்பின. அடுத்த வியாழக்கிழமை என்ற சொல் என்மேல் பெரிய வீடு ஒன்று இடிந்து விழுவது போல மெதுவாக விழுந்தது. அந்த நாளை நான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தது. எனக்குச் சாக இஷ்டமில்லை. அதுவரை மிதந்துகொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு ஆசை மட்டும் கனமாக, கையால் தொடக்கூடியதாக இருந்தது.

பேசினேனா என்று எனக்குத் தெரியாது. ஒரு குரல் கேட்டது. கரகரத்த, வயதான குரல். டாக்டரை உள்ளே விடச் சொன்னது. அது என் தொண்டையிலிருந்து வந்தது என்பது தொண்டை வலித்தபோதுதான் தெரிந்தது.

அஞ்சலையக்கா தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து தெருவைப் பார்த்து, "ஆத்தா உத்தரவு குட்த்துட்டா! அந்தம்மாவக் கூப்டு!" என்று கத்தினாள். அம்மன் சொன்னபின் யார் தடுப்பது? நாலு பேர் டாக்டரம்மாவின் பின்னால் ஓடினார்கள். திரும்பி வந்த அவர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். வேப்பிலைக்குக் குனிந்து உள்ளே வந்தார்.

என் வயிற்றில் இருந்த ஒரு புள்ளியை விரலால் அமுக்கினார். "பாருங்க, அமுக்கினா மறையுது. கைய எடுத்தா வருது. அம்மை இப்பிடி மறையாது. இது டைபாய்டு." டைபாய்டு (குடலில் புண் உண்டாக்கும் நீண்ட காய்ச்சல்) என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

"அப்போ, ஆத்தா இல்லியா?" என்றாள் அஞ்சலையக்கா.

"ஆத்தா இருந்தா இருக்கட்டும். காய்ச்சலும் இருக்குல்லா? நான் அதப் பாக்கேன்." பிறகு தலைமாட்டைக் காட்டி, "இந்தச் சோறு உள்ள போச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"நல்லவேளை. குடல் இப்ப நைஞ்ச துணி மாதிரி. கட்டியா ஒரு வாய் போனாலும் கிழிஞ்சிரும். பார்லித் தண்ணி, பால், குளுக்கோஸ் தண்ணி, அவ்வளவுதான். மலம் கறுப்பாப் போனாலோ, வயிறு கல்லா ஆனாலோ எனக்காகக் காத்திருக்காதீங்க. வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருங்க."

காய்ச்சலோடு இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தச் சொற்களை மறக்காதீர்கள்.

கன்னியப்பன் பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று மருந்தை வாங்கி வந்தார். குளோரம்பெனிக்கால் (அந்தக் காய்ச்சலின் கிருமியை அடக்கும் மருந்து) அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. அஞ்சலையக்கா வேப்பிலையை எடுக்கவில்லை. வேப்பிலையும் இருந்தது, மாத்திரையும் இருந்தது. ஒவ்வொரு மாத்திரையையும் அம்மனிடம் காட்டி, அதாவது என்னிடமே காட்டி, உத்தரவு கேட்டுவிட்டு என் வாயில் போட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. கொருக்குப்பேட்டையிலிருந்து கூட்ஸ் வண்டிகள் கிளம்பி, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, பாய் ஓரமாகக் கடலுக்குப் போயின. அப்பா வந்து என் விரல்களை ஈய எழுத்துகளைப் போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசை மாற்றி அடுக்கினார். எழுந்து பார்க்கும்போது சில சமயம் விடிந்திருந்தது, சில சமயம் அதே பொழுது மிச்சமிருந்தது. எப்போது பார்த்தாலும் அஞ்சலையக்கா அங்கேயே இருந்தாள்.

பிறகு ஒரு காலையில் பாய் முழுக்க நனைந்து, உடம்பு சில்லிட்டு, கண் திறந்தேன். காக்கை கத்தியது. கருவாட்டு வாடை மூக்கைத் துளைத்தது. பழகிப்போன அந்த வாடை அதுவரை எனக்கு நாறியதே இல்லை. அன்று தாங்க முடியாமல் நாறியது. பிழைத்துவிட்டேன் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பசி வந்தது. அதுதான் இந்த நோயின் கொடுமையான பாகம். உடம்பு தேறின பெண்ணுக்குச் சுறாப்புட்டு செய்து போடுவது எங்கள் வழக்கம். கன்னியப்பன் ஆசையாக ஒரு பால்சுறாவோடு வந்தார். அஞ்சலையக்கா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "டாக்டரம்மா சொல்ற வரிக்கும் இந்த வூட்ல மீன் வாசனயே வரக்கூடாது. எடுத்துக்கினு போ!" மீன்காரர் வீட்டில் இப்படி ஒரு சட்டம். நான் அழுதேன், கெஞ்சினேன், 'நான் ஆத்தா சொல்றேன்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. குழந்தை போலச் சுவரைப் பிடித்து நடந்தேன். வாசலுக்குப் போவதே வெளியூர்ப் பயணமாக இருந்தது.

ஆடி மாதம் டாக்டரம்மா பஞ்சாயத்தாரிடம் ஒன்று கேட்டார். குப்பத்து வலைக்கொட்டகையில் ஒரு மூலையைக் கொடுத்தால், வியாழன் மட்டுமல்லாமல் ஞாயிறும் வந்து உட்காருகிறேன் என்றார். பஞ்சாயத்தார் மென்று விழுங்கினார்கள். வலை இருக்கும் இடத்தில் சீழும் ரத்தமும் தீட்டல்லவா? கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "ஆத்தா இன்னா சொல்றா?" என்றார் தலைவர்.

"ஆத்தா போய்ட்டா. நான் சொல்றேன். மூலைய அவங்களுக்குக் குட்த்துருங்கோ."

"நீ சொல்லிட்டா ஆச்சா?"

அதுதான் விஷயம். காய்ச்சலோடு முனகினால் ஊரே விழுந்து கும்பிட்டது. தெளிந்த புத்தியோடு பேசினால் 'உக்காரும்மா' என்றார்கள்.

அப்போது அஞ்சலையக்கா எழுந்தாள். "இனிமே எந்த வூட்ல காய்ச்சல் வந்தாலும் அந்தம்மா வந்து அமுக்கிப் பாத்து அம்மைன்னு சொன்னாத்தான் நான் வேப்பில கட்டுவேன். அவங்க குந்த எடம் இல்லன்னா, நீங்களே கட்டிக்கோங்கோ."

அவள் கை இல்லாமல் கட்டிய வேப்பிலைக்கு யார் பொறுப்பேற்பது? மூலை கிடைத்தது. ஒரு மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் கதவோரம் வைக்கப்பட்டது. டாக்டரம்மா கடைசிவரை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனார். சில வருஷங்கள் கழித்து, பிரசவம் பார்க்கும் நர்சு ஒருவரும் அந்த மூலைக்கு வந்தார்.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் என் தலையில் புதுமுடி முளைத்தது. அஞ்சலையக்கா எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். அன்று கேட்டேன்: "அக்கா, அன்னிக்குப் பேசினது நானா, ஆத்தாவான்னு எனக்கே தெர்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீ என்னிய அக்கான்னு கூப்ட்டுத்தான் சொன்னே. ஆத்தா என்னிய அக்கான்னா கூப்டுவா?"

நான் திரும்ப முயன்றேன். தலையைப் பிடித்து நேராக்கினாள்.

"தெரிஞ்சேவா அவங்கள உள்ள வுட்டே?"

"பின்ன? எத்தினி வூட்டு வாசல்ல கட்னவ நானு. அதுல எத்தினி பேர வெளிய தூக்கிக்கினு போனாங்கோ. அந்தம்மா திரும்பிப் போறதப் பாத்துக்கினு நின்னேன் பாரு, எனக்கு உசுரே இல்ல. என் கையால கட்டிட்டு நானே அவுக்க முடியுமா? நீ வாயத் தொறந்தே. நான் கால்ல வுழுந்துட்டேன்."

அழுதேன். சதை வற்றி, மொட்டைத் தலையாய் நின்ற இந்த உடம்பை அதுவரை என் ஒருத்தியுடையது என்றே நினைத்திருந்தேன். அதைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்த இன்னொரு உயிரின் விரல்கள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டாதே என்று அதட்டினாள். அவள் எவ்வளவு நேரம் தேய்த்தாள், பொழுது எப்போது சாய்ந்தது, எனக்குத் தெரியாது.