நான் உதறிவிட்ட கீரை

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்கிக்கொண்டிருந்தவள் என் மனைவி. நாலு சுவருக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. "என்னங்க, ஒரு நாளைக்குக் காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. பச்சையப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்பாள். வேறு எதையும் என்னிடம் கேட்டவள் இல்லை.

ஈப்போவில் நான் வேலை பார்த்த ஆபீஸில், வனவிலங்குக் காப்பகத்துக்கு ஒருநாள் பயணம் என்றார்கள். பஸ் பிடித்து, குடும்பத்தோடு. அவள் ஒரு வாரமாகச் சேலையை எடுத்து எடுத்துப் பார்த்தாள். எனக்குத்தான் போகவே பிடிக்கவில்லை. என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, மனைவி வீட்டாரும் அப்படித்தான் என்று ஆபீஸில் அளந்துவிட்டிருந்தேன். உண்மையில் இரண்டு குடும்பமும் பால்வாளி தூக்கியவர்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு வருஷம் தாங்கியிருந்தது. "அங்க வந்து வாயத் தொறக்காத" என்று சொல்லியே கூட்டிப்போனேன். பெரிய மனுஷன்!

வேலிக்குள் மான்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஆற்றோரமாக நடந்தோம். பாதி வழியில் திரும்பினால் அவளைக் காணோம்.

கீழே, சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, சேற்றில் நின்று காட்டுக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள். நுனி சுருண்ட அந்தக் கீரையைக் கண்டால் தோட்டத்துப் பெண்களின் கை சும்மா இருக்காது. மடி நிறையக் கீரை, முகம் நிறையச் சிரிப்பு. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

"இங்க பாருங்க, எவ்வளவு இளசு! மரம் வெட்டி முடிச்சா தெனம் இதத்தான் ஒடிச்சிட்டுப் போவோம்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவினாள்.

கூட வேலை செய்பவன் ஒருவன் என் தோளைத் தட்டினான். "என்ன மச்சான், கிராணி வீட்டுப் பொண்ணு நல்லா மரம் வெட்டும் போல லா!" கூட்டமே சிரித்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இறங்கிப்போய் அவள் மடியைப் பிடித்து உதறினேன். "தோட்டத்துப் புத்தி போகுதா பாரு! எங்க எப்படி நடந்துக்கணும்னு தெரியாதா?"

கீரை முழுதும் சேற்றில். காப்பகத்து மலாய்க்கார ரேஞ்சர் வந்தார். அவளைத் திட்டுவார், நியாயம் என் பக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன். அவரோ குனிந்து கீரையைப் பொறுக்கி, தண்ணீரில் அலசி, "அக்கா" என்று தமிழிலேயே கூப்பிட்டு நீட்டினார். இது மண்டிக் கிடக்கிறது, எங்கள் வீட்டிலும் சமைப்போம், எடுத்துப்போங்கள் என்று மலாயில் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தவள், கிளம்பும்வரை இறங்கவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அப்புறமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? இதை எழுதும்போதும் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

எண்பதுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒரு பழைய கார் வாங்கினோம். கோலா கங்சார் ஆற்றங்கரை, அருவி, காடு என்று லீவு நாளில் கிளம்பிவிடுவோம். புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அவள் கேட்டருகே நிற்பாள். "அம்மா, நீங்களும் வாங்கம்மா" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

"நீங்க போயிட்டு வாங்கடா. அங்கெல்லாம் எப்படி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியாது" என்பாள்.

என்னைக் குத்துவதற்காகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதை நம்பிவிட்டிருந்தாள்.